மழை வரி

அட்டன் ஹோட்டல் மண்டபத்தில்
வீடு கட்டுகிறவர்களுக்கு ஒருநாள் செயலமர்வு.
இருபத்துமூன்று பாஸ்மார்.
ஆளுக்கொரு பைல், ஒரு பேனை,
பச்சை இலை அச்சடித்த தொப்பி ஒன்று.

திரையில் ஒரு வீடு வந்தது.
மண்கல் சுவர், கூரைக்கடியில் காற்று போக வழி,
பீலியிலிருந்து தாங்கிக்குள் இறங்கும் மழை.
அழகான வீடுதான்.
அங்கே யாரும் துணி காயப்போட்டிருக்கவில்லை.

"மழையின் போக்கே மாறிவிட்டது" என்றார்
கொழும்பிலிருந்து வந்திருந்த மிஸ்.
"மாறினது மழையில்ல மச்சான்,
சீமெந்து வெல" என்றார்
பக்கத்துக் கதிரை செபமாலை பாஸ்.
நானும் சிரித்தேன்.

எங்களுக்கென்ன, கேட்பதைக் கட்டிக் கொடுக்கிறோம்.
டைல்ஸ் கேட்கிறார்கள். சிலாப் கேட்கிறார்கள்.
ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி கேட்கிறார்கள்.
மண்கல் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னதற்கு
ஒரு கொழுந்துக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்:
"தொரைக்குக் கல்லு, எங்களுக்குன்னா மட்டும் மண்ணா?"
அதற்கு
மிஸ்ஸின் திரையிலும் பதில் இருக்கவில்லை.

தேநீருக்குப் பிறகு ஒரு படிவம்.
நாலாம் கேள்வி:
காலநிலை மாற்றத்தை நம்புகிறீர்களா?
ஆம். இல்லை. தெரியாது.

நம்புவதென்றால்
சாமியை நம்பலாம்,
கடன் தரும் ஹார்ட்வெயார் முதலாளியை நம்பலாம்.
தெரியாது என்று போட்டேன்.
பேனை நன்றாகவே எழுதியது.

இரவு எஸ்டிமேட் போட உட்கார்ந்தேன்.
மேல்கணக்கில் அமுதவல்லிக்கு,
ஏழு பேர்ச்சில், சைப்ரஸ் காசில் ஒரு வீடு.
பழைய கொப்பிகளைப் புரட்டித்தான்
புதியது எழுதுவேன்.
கருங்கல், மணல், கம்பி, பலகை
எல்லாம் முடிந்த பிறகு
யாரும் சொல்லித்தராத ஒரு வரி
என் கொப்பிகளில் எப்போதும் இருக்கும்:
மழைக்கு.

முதல் கொப்பியில் மழைக்கு மூன்று நாட்கூலி.
அப்புறம் ஆறு.
ஒரு வருடம் பதினொன்று;
பக்கத்தில் பென்சிலால் "மாசியிலுமா?" என்று
என் கையெழுத்தே என்னிடம் கேட்டிருக்கிறது.
அடுத்ததில் கட்டியாய்ப் போன இருபது மூட்டை சீமெந்து,
சரிந்த அணைக்கட்டு,
அதே அணைக்கட்டு இரண்டாந்தரம்.
அதற்கடுத்த கொப்பியில் மழையே இல்லை,
தண்ணீர் பவுசருக்கென்று புதிதாய் ஒரு வரி.

பதினாறு வருடம்
ஒவ்வொரு வீட்டின் கணக்கிலும்
சத்தமில்லாமல் ஏற்றி
ஒவ்வொருவரிடமும் வாங்கியிருக்கிறேன்
வரி.

காலையில் பேக்கோ வந்து நின்றது.
அமுதவல்லி போனில், வீடியோவில்,
பின்னால் யாரோ ஒருவரின் பளிங்குச் சமையலறை.
"பின்பக்கத்த நேரா வெட்டிருங்கண்ணே,
ஹோல் பதினாலடி வரணும்."

"வெட்டலாம். மழைக்கு
ஒண்ணே முக்கால் லட்சம் எழுதணும்."

திரை உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன்.
இல்லை, அவள்தான்.
"வெட்டாட்டி?"
"மல எறங்குற மாதிரியே ரெண்டு தட்டா எறக்கலாம்.
பின்னால மூணடிக்குக் கான்.
ஹோல் பத்தடி."
"பத்தடிக்குள்ள சோபா செட் போகுமா?"

பூமியைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை.
டேப்பை இழுத்துப் புல்லின்மேல் வைத்தேன்.
மூன்று பேர் உட்காரும் சோபா
சுவரோரம் போகும்.
ஒற்றைச் சோபாக்களில் ஒன்று
போகாது.

"யோசிச்சு ராவைக்குச் சொல்றேன்."

பேக்கோக்காரனுக்கு அரைநாள் வாடகை கொடுத்தேன்.
வெயில் ஏறுகிறதே என்று
தொப்பியையும் கொடுத்தேன்.
அவன் எதிர்மலைக்குப் போனான்.
அங்கே செபமாலை பாஸின் வேலை.
மத்தியானம் வரை
செம்மண் நடுவே அந்தப் பச்சை இலை
முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.